பிட்சா கடையில் கிடைத்த குரல்

ஹிப்-ஹாப்பின் கதையை 1973 ஆகஸ்டில் டிஜே கூல் ஹெர்க் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடத்திய விருந்திலிருந்து தொடங்குவது வழக்கம். அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்த இசை விருந்துகளிலும் கைமாறிய கேசட்டுகளிலும்தான் வாழ்ந்தது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தை இசைத்தட்டில் எப்படி அடைப்பது, அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அதை வளர்த்தவர்களே நினைத்தார்கள்.

சில்வியா ராபின்சன் அப்படி நினைக்கவில்லை. 1950களிலேயே பாடகியாகப் புகழ்பெற்றவர் அவர். கணவர் ஜோவுடன் நியூஜெர்சியின் எங்கிள்வுட்டில் நடத்திவந்த ஆல் பிளாட்டினம் நிறுவனம் கடனில் மூழ்கியிருந்த நேரம். ஹார்லெம் கிளப் ஒன்றில், ஓடும் இசைக்கு மேலே ஒருவர் எதுகையோடு பேசப் பேசக் கூட்டம் கொண்டாடுவதைப் பார்த்தார். இசைத்தட்டு நிறுவன அதிபர் மோரிஸ் லெவி பணம் போட, 1979இல் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் பிறந்தது. ஹார்லெமின் வசதியான பகுதி ஒன்றின் பெயர் அது.

பாட ஆள் வேண்டுமே! எங்கிள்வுட் பிட்சா கடையில் வேலை பார்த்த பிக் பேங்க் ஹாங்க், கடை வாசலில் நின்ற காரில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். வொண்டர் மைக்கும் மாஸ்டர் ஜீயும் சேர்ந்துகொள்ள, சுகர்ஹில் கேங் தயார். அந்தக் கோடையில் ஊரெங்கும் ஒலித்த ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' மெட்டை வாத்தியக்காரர்களே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பழைய பாட்டிலிருந்து ஒலியை வெட்டி ஒட்டும் கருவி ஹிப்-ஹாப்புக்கு அப்போது எட்டவில்லை. செப்டம்பரில் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' ஏறத்தாழ 15 நிமிடம் ஓடியது. பில்போர்டு பட்டியலில் 36ஆம் இடம்வரை ஏறியது.

ஷிக்கின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்று மிரட்டித் தங்கள் பெயரைப் பாடலில் சேர்க்க வைத்தார்கள். ராப் பாடகர் கிராண்ட்மாஸ்டர் காஸுக்கு அந்தப் பலம் இல்லை. ஹாங்க் பாடியதில் பெரும்பகுதி காஸ் எழுதியது. காஸின் மேடைப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் வரியைக்கூட மாற்றாமல் ஹாங்க் பாடிவிட்டார். திருட்டுக்கு இதைவிட வெளிப்படையான கையெழுத்து கிடைக்காது.

1982இல் 'தி மெசேஜ்'. வறுமையையும் தெருவின் ஆபத்தையும் சொன்ன அந்தப் பாட்டு வேண்டாம் என்றது சுகர் ஹில்லில் பாடிவந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழு. ஆட வருபவர்களுக்கு இது எதற்கு என்பது அவர்கள் வாதம். சில்வியா விடவில்லை. அதை எழுதத் தொடங்கிய நிறுவன இசைக்கலைஞர் எட் ஃபிளெட்சரும் குழுவின் மெல்லி மெல்லும் பாடினார்கள். ஃபிளாஷின் பங்கு அதில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இசைத்தட்டின் உறையில் அவர் பெயரே முன்னால் நின்றது.

ஃபிளாஷ் அடுத்த ஆண்டே ராயல்டி கேட்டு நீதிமன்றம் போனார். அதே 1983இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு, டிரம் மெஷினை மட்டுமே நம்பி வெளியிட்ட பாட்டு, சுகர் ஹில்லின் வாத்தியக் குழுவைப் பழசாக்கியது. 1986இல் நிறுவனம் மூடப்பட்டது.