கணக்கில் வராத தகுதி

குடியுரிமை மனுவுக்கு நாள் கணக்குப் பார்க்கச் சொல்லிச் சிலர் என்னிடம் வருவதுண்டு. பொதுவாக கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டுகள், அதில் முப்பது மாதங்களாவது இந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம்.

1946 வரை எந்தக் கணக்கும் இந்தியர்களுக்கு உதவவில்லை. 1790-ஆம் ஆண்டுச் சட்டம் 'வெள்ளையர்' என்று நிபந்தனை போட்டிருந்தது. பகத் சிங் திந்த் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். தாம் ஆரியர், அதனால் வெள்ளையரே என்று வாதாடினார். (அந்த வாதம் வென்றிருந்தால் தமிழர் கதி என்ன ஆகியிருக்கும்?) சாதாரண மனிதர் புரிந்துகொள்ளும் பொருளில் அவர் வெள்ளையர் அல்லர் என்று 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதோடு விடவில்லை, ஏற்கெனவே கொடுத்த குடியுரிமைகளையும் பறித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1921-இல் குடிமகனானவர். அதை இழந்ததும் கலிபோர்னியாவின் நிலச் சட்டத்தால் சொத்து வைத்திருக்கும் உரிமையும் போயிற்று. இந்தியா போய்வர அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் மறுக்கப்பட்டது. 1928-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1946-இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. இந்தியர் குடியுரிமை பெறலாம். ஆனால் புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம்! பகாயின் மனைவி கலாவின் பெயரை இன்று பெர்க்லி நகரில் ஒரு தெரு தாங்கி நிற்கிறது.