கைரூத்தீ: மெழுகும் எண்ணெயும் கூடிய கதை

சாத்தான்குளத்தில் சித்திரை வெயில் எப்படியிருக்கும் என்பதை இவ்வூராருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேரிமணலைத் தழுவி வரும் காற்றே முகத்தைச் சுடும். அத்தகைய நாளொன்றில் என் மகள் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். தேங்காயெண்ணெயைக் குளிர்பெட்டியில் உறையச் செய்து, வெண்ணெயைப் போல நுரைக்கக் கடைந்து, மேனிக்குப் பூசவென்று எடுத்து வைத்திருந்தாளாம். குப்பியில் இப்போது இருந்தது வெறும் எண்ணெய்.

"ஏன் வாப்பா இப்படி ஆயிற்று?" என்றாள்.

"மெழுகு சேர்க்காமல் விட்டாயே, மகளே" என்றேன்.

"கிதாபு ஓதிக் கொடுக்கிற உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"கிதாபில்தான் இருக்கிறது" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதையே வாசக நேயர்களுக்கும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். எவ்வளவு கடைந்தாலும் நம் கடற்கரை ஊர்களின் வெப்பத்தில் அது நிற்காது. தேன்மெழுகோ 60 பாகைக்கு மேல்தான் உருகும். ஆகவே எண்ணெயோடு மெழுகைச் சேர்த்துருக்கி ஆறவைத்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட மென்மையான ஒரு பொருள் கிடைக்கும். இந்தப் பொருளுக்கு அரபு மருத்துவ நூல்கள் இட்டிருக்கும் பெயர் 'கைரூத்தீ' என்பது. சொல் அரபுச் சொல்லன்று. மெழுகைக் குறிக்கும் 'கேரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழியாக வந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், மெழுகு ஒரு பங்கு, ரோஜா இதழ் ஊறிய எண்ணெய் மூன்று நான்கு பங்கு என உருக்கி, ஆறியபின் அது ஏற்கும் அளவுக்கு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்தார். தோலில் தடவியதும் அந்நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். இன்று கடைகளில் 'கோல்டு கிரீம்' என்று விற்கப்படுவதன் மூதாதை இதுவே.

காலனின் நூல்களைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்தளித்தவர்களில் தலையாயவர் பக்தாதின் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873). இப்னு ஸீனா (980-1037) தம் 'கானூன்' நூலில் கைரூத்தீயைப் பல இடங்களில் எடுத்தாள்கிறார். அந்தலூஸியாவின் அஸ்ஸஹ்ராவீ தம் முப்பது பாகப் பெருநூலான 'தஸ்ரீஃப்'இல் பத்தொன்பதாம் பாகம் முழுவதையும் ஒப்பனைப் பொருள்களுக்கே ஒதுக்கினார். அறுவை மருத்துவத்தால் உலகப் புகழ் பெற்ற ஒருவர், கைகளின் வெடிப்புக்கும் கூந்தலின் நலத்துக்கும் அத்தனை ஏடுகளைச் செலவிட்டதை நம்மில் பலர் அறியோம். மேனிப்பூச்சைப் பெண்டிர் விளையாட்டு என்று அவர் ஒதுக்கவில்லை. மருத்துவத்தின் ஒரு கிளையாகவே வைத்தார்.

கடைந்து செய்யும் பூச்சு நம் நாட்டிலும் வேறொரு வழியில் பிறந்திருக்கிறது. 'நூறு முறை கழுவிய நெய்' என்பது அதன் பெயர். பசுநெய்யைச் செப்புப் பாத்திரத்திலிட்டு, தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்துக் கடைந்து, நீரை வடித்துவிட்டு மறுபடியும் நீர் ஊற்ற வேண்டும். இவ்வாறு நூறு முறை. சரகர் நூலில் இது பேசப்படுகிறது. உடலெரியும் காய்ச்சலுக்கு ஆயிரம் முறை கழுவிய நெய்யையும் அந்நூல் கூறுகிறது. நூறு என்பதை எண்ணிக் கழுவினார்களா, 'மிகப் பல' என்ற பொருளில் சொன்னார்களா என்று கேட்பவர்கள் உண்டு. செய்து பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. இருபது முப்பதில் நிறுத்தினால் நெய் நெய்யாகவே மணக்கிறது. நெய்க்கு அதன் மணத்தைத் தருபவை நீரில் கரையக்கூடிய சிறு கொழுப்பமிலங்கள். ஒவ்வொரு கழுவலிலும் அவை சிறிது சிறிதாக நீங்குகின்றன. மணல் போன்ற குருணைத்தன்மை மறைகிறது. நுண்ணிய நீர்த்துளிகளும் காற்றும் உள்ளே சிக்கிக்கொள்வதால் மஞ்சள் நிறம் மாறி வெள்ளை வெளேரென்று ஆகிறது. மெழுகே இல்லாமல் பிறந்த கைரூத்தீ என்று இதைச் சொல்லலாம்.

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதிருந்தனவா? இல்லை. அலீ இப்னு ஸஹ்ல் அத்தபரீ 850ஆம் ஆண்டில் முடித்த 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா'வின் கடைசிப் பகுதி இந்திய மருத்துவத்தைப் பற்றியது. சரகர், சுசுருதர் நூல்களிலிருந்து அவர் செய்திகளை எடுத்துத் தருகிறார். கிரேக்கரின் மெழுகும் பாரதத்தின் நெய்யும் ஒரே நகரத்து நூலகங்களில் அருகருகே இருந்தன என்றால் மிகையாகாது. (தமிழரும் இதில் பின்தங்கியவரல்லர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டுக்குப் பத்துத் துவரும், ஐந்து விரையும், முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நன்னீர் பேசப்படுவதை நேயர்கள் நினைவுகொள்க.)

இப்னு பதூதாவைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவு பெறாது. 1343இல் அவர் மாலத்தீவை அடைந்து அங்கே காழியாகவும் இருந்தார். மாலத்தீவு என்றவுடன் நமக்கு மாசிக்கருவாடும், தூத்துக்குடியிலிருந்து சரக்கேற்றிச் செல்லும் தோணிகளும்தான் நினைவுக்கு வரும். அவர் கண்டெழுதியதோ வேறு. ஸுபுஹுத் தொழுகை முடிந்ததும் அங்குள்ள பெண்கள் சுர்மாச் சிமிழும், பன்னீரும், 'காலியா' எண்ணெயும் எடுத்துக்கொண்டு கணவனிடமோ மகனிடமோ வருவார்களாம். ஆண்கள் கண்ணுக்குச் சுர்மா இட்டு, பன்னீரையும் எண்ணெயையும் பூசிக்கொள்வார்கள். தோல் மெருகேறி முகவாட்டம் நீங்கும் என்கிறார். காலியா என்பது கஸ்தூரியும் அம்பரும் சேர்ந்த வாசனைக் கலவை. விலையுயர்ந்தது என்பதே அச்சொல்லின் பொருள். அங்கிருந்து இலங்கை வழியாக நம் மஃபர் கரைக்கும் அவர் வந்தார்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1352இல் அவர் ஸஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். வழியில் 'கர்த்தீ' என்னும் பழத்தைக் கண்டார். அதன் கொட்டையை இடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். அதில் சமைக்கிறார்கள், விளக்கெரிக்கிறார்கள், உடம்பில் பூசுகிறார்கள், மண்ணோடு குழைத்து வீட்டுச் சுவருக்கும் பூசுகிறார்கள், பெரிய சுரைக்குடுக்கைகளில் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்கிறார்கள் என்று எழுதிவைத்தார். இன்று 'ஷியா பட்டர்' என்று அழகிய சிறு டப்பாக்களில் நம் பிள்ளைகள் வாங்குவது இதுவே. சுவருக்குப் பூசியதை நாம் பொன்விலை கொடுத்து வாங்குகிறோம் என்று என் மகளிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

பழைய நூல்களில் உள்ளதெல்லாம் நன்மையே என்று நான் கூற வரவில்லை. அதே மருத்துவ நூல்கள் 'மர்ஹமுல் இஸ்ஃபீதாஜ்' என்றொரு வெண்களிம்பையும் சொல்கின்றன. இஸ்ஃபீதாஜ் என்பது ஈயவெள்ளை, நஞ்சு. மேலே பூசினாலும் அது தீங்கு தரும் என்பதை அக்காலத்தார் முழுதும் அறியாமற் செய்தனர். அறிந்த காலத்தில் வாழும் நாமோ வேறொன்றைச் செய்கிறோம். நம் வீடுகளுக்கு வரும் பயணப் பெட்டிகளில், பெயரும் சேர்மானமும் தெளிவில்லாத 'வெளுப்புக் களிம்பு'கள் வருகின்றன. மணமாக வேண்டிய பெண்களுக்கென்று அவற்றைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். தோலை வெளுக்கச் செய்வதற்காக இத்தகைய களிம்புகள் சிலவற்றில் சேர்ப்பது பாதரசம். அது தோல் வழியே உள்ளிறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்புக் களிம்பு பூசி வந்தவர்களிடம் சிறுநீரக நோய் கண்டதை மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்க நாடுகளைப் பணித்திருந்தும் அவை வந்துகொண்டேயிருக்கின்றன. காலனும் இப்னு ஸீனாவும் கைரூத்தீயை வறட்சிக்கும் வெடிப்புக்கும் எரிச்சலுக்கும் வகுத்தார்கள். மாலத்தீவுப் பெண் தன் மகனின் முகவாட்டத்தைப் போக்கப் பன்னீர் எடுத்து வந்தாள். கறுத்த பெண்ணைப் பார்த்து 'இவளுக்கு என்ன பூசலாம்' என்று கேட்கும் வழக்கத்தை நம் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்களல்லர்.

மகள் மறுபடியும் செய்தாள். நல்லெண்ணெய் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கி, ஆறும்போது பன்னீரைத் துளித்துளியாக விட்டுக் கடைந்தாள். வெண்மையாகத் திரண்டு வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் மேலே முத்துமுத்தாக நீர் கசிந்திருந்தது. மெழுகு தனியாக அதிக நீரைப் பிடித்து வைக்காது. கைரூத்தீயின் பழைய குறை இது. கசிந்த நீரில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அதை எடுத்து வைக்க விடவில்லை. அடுத்த முறை பன்னீரைப் பாதியாகக் குறைத்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே செய்யப் போகிறாளாம்.