ஒரு கால்பந்தின் புவியியல்: சியால்கோட் தொழில் வரலாறும் வகுப்பறைக் கற்பித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்தைக் கொண்டு புவியியல் கற்பிக்கும்போது அணிகள், நாடுகள், போட்டி நடைபெறும் நகரங்கள் என்ற அளவில் பாடம் நின்றுவிடக்கூடும். இக்கட்டுரை பந்து என்னும் பொருளையே பாடமாகக் கொள்கிறது. பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் பந்துத் தொழில் வளர்ந்த வரலாற்றின் வழி, ஒரு தொழில் ஓரிடத்தில் வேரூன்ற இயற்கை வளத்தைவிட வரலாறே காரணமாகலாம் என்பதையும், அப்பாடத்தில் உழைப்பாளர் மறைந்துவிடலாகாது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்து, சியால்கோட், பண்டச் சங்கிலி, வீட்டுவழி உழைப்பு, புவியியல் கற்பித்தல்

முன்னுரை

புவியியலாளர் டேவிட் ஹார்வி 1990இல் எழுதிய கட்டுரையொன்றில், கடைசியாக உண்ட உணவு எங்கிருந்து வந்தது என்று தம் மாணவரிடம் வினவுவதாகக் குறிப்பிடுகிறார். நுகரும் பொருளுக்குப் பின்னுள்ள உழைப்பு நுகர்வோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பது அவர் வாதம். அதற்கு முன்னரே, 1977இல், டெரன்ஸ் ஹாப்கின்சும் இம்மானுவேல் வாலர்ஸ்டைனும் 'பண்டச் சங்கிலி' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்திருந்தனர். இவ்விரண்டையும் வகுப்பறையில் ஒருங்கே பயன்படுத்த ஏற்ற பொருள் கால்பந்து. மாணவர் அனைவரும் அதனைத் தொட்டிருப்பர். அது எங்குச் செய்யப்பட்டது என்று பார்த்தவர் சிலரே.

அமைவிடமும் தோற்றமும்

சியால்கோட், பஞ்சாப் மாகாணத்தில் ஜம்முவை ஒட்டிய சமவெளியில் அமைந்துள்ளது. அங்கு ரப்பர் விளைவதில்லை. கராச்சித் துறைமுகமோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆல்ஃபிரட் வேபர் 1909இல் வகுத்த தொழில் அமைவிடக் கோட்பாடு, போக்குவரத்துச் செலவு, கூலி, தொழில் திரட்சி ஆகியவற்றைக் காரணிகளாகக் கொள்கிறது. சியால்கோட்டில் தொழில் நீடிப்பதைக் கூலியும் திரட்சியும் ஓரளவு விளக்கும். அத்திறன் அங்குத் தோன்றியது ஏன் என்பதை அவை விளக்குவதில்லை.

அதற்கு விடை குடியேற்ற ஆட்சி வரலாற்றில் உள்ளது. சியால்கோட் ஆங்கிலேயரின் படைப்பாசறை நகரம். படைவீரரும் அலுவலரும் விளையாடினர். அவர்தம் விளையாட்டுக் கருவிகளைப் பழுதுபார்க்கவும் பின்னர்ப் புதிதாகச் செய்யவும் உள்ளூர்க் கைவினைஞர் முன்வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஏற்றுமதித் தொழிலாக வளரத் தொடங்கியது. ஆகவே, சியால்கோட்டின் முதன்மை வளம் மண்ணிலிருந்து அன்று, பேரரசின் தேவையிலிருந்து பிறந்தது எனலாம்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினை இக்கருத்தை உறுதிப்படுத்துகிறது. சியால்கோட்டின் இந்து, சீக்கிய உற்பத்தியாளரும் கைவினைஞரும் இந்தியாவிற்கு இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலர் ஜலந்தரில் குடியேறித் தொழிலை மீண்டும் தொடங்கினர். எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே தொழில் இன்றும் நடைபெறுவது இதனாலேயே. தொழில் மனிதரோடு பெயரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இருவகை உழைப்பாளர்

1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் பயன்பட்ட டெல்ஸ்டார் பந்து, 12 ஐங்கோணத் துண்டுகளும் 20 அறுகோணத் துண்டுகளும் கொண்டது. இத்தகைய 32 துண்டுகளைக் கையால் இணைப்பதற்கு 90 விளிம்புகளைத் தைத்தல் வேண்டும். சியால்கோட்டின் சுற்றுப்புறச் சிற்றூர்களில் இப்பணி வீடுகளிலேயே நடைபெற்றது. பெண்களும் சிறாரும் அதில் ஈடுபட்டனர்.

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர், மாற்றுக்கட்டணம் இன்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறொரு நாட்டுச் சங்கத்திற்குச் செல்லும் உரிமையை அது வழங்கியது. பதினான்கு திங்கள் கழித்து, 1997 பிப்ரவரி 14 அன்று, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப், சியால்கோட் வணிகத் தொழிற்சங்கம் ஆகியவை அட்லாண்டாவில் ஒப்பந்தம் செய்தன. சிறார் உழைப்பை ஒழிப்பதும், தையல் பணியைக் கண்காணிக்கத்தக்க மையங்களுக்கு மாற்றுவதும் அதன் நோக்கம். முன்னது வீரருக்கு இடம்பெயரும் உரிமையைத் தந்தது. பின்னது தையலரை வீட்டிலிருந்து மையத்திற்கு வரப் பணித்தது.

நோக்கம் போற்றத்தக்கது, விளைவு ஒரே தன்மையதன்று. குடும்பப் பொறுப்பாலும் சமூகக் கட்டுப்பாட்டாலும் வெளியே சென்று பணியாற்ற இயலாத பெண்கள் பலர் வருவாயை இழந்தனர். ஃபர்சாத் ரஃபி கான், கமல் முனீர், ஹியூ வில்மட் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இவ்விளைவை விரிவாக எடுத்துரைக்கிறது. தொலைவிலுள்ள நுகர்வோரின் மனச்சான்றைத் தணித்த தீர்வு, அருகிலிருந்த பெண்ணின் கருத்தைக் கேட்டதா என்பது இன்றும் எஞ்சும் வினா.

தொழில்நுட்ப மாற்றம்

2006ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்து வெப்ப முறையில் ஒட்டப்பட்டது; தாய்லாந்தில் செய்யப்பட்டது. தையல் திறனால் பெயர்பெற்ற நகரத்திற்கு இது அறைகூவலாயிற்று. புதிய முறையைக் கற்றுக்கொண்ட சியால்கோட் ஆலையொன்று, ஆறு துண்டுகளால் ஆன பிரசூகா பந்தை 2014ஆம் ஆண்டுப் போட்டிக்காகத் தயாரித்தது. நகரின் வணிகர்கள் தம் முதலீட்டில் அமைத்த பன்னாட்டு விமான நிலையம் 2007இல் இயங்கத் தொடங்கியமையும் இங்குக் கருதத்தக்கது. துறைமுகத்திலிருந்து விலகிய இடம் என்னும் குறையை அவர்கள் தாமே ஈடுசெய்ய முயன்றனர்.

கற்பித்தல் பயன்

வகுப்பறையில் இதனை மூன்று படிகளில் நிகழ்த்தலாம். முதலாவதாக, மாணவர் பந்தின் துண்டுகளையும் அதில் அச்சிட்ட நாட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுதல். இரண்டாவதாக, 1940, 1950, 2014 ஆகிய ஆண்டுகளுக்கு மூன்று வரைபடங்கள் வரைந்து, எல்லையும் உற்பத்தி மையங்களும் மாறியதை ஒப்பிடுதல். மூன்றாவதாக, 1997 ஒப்பந்தத்தை இறக்குமதியாளர், ஆலை உரிமையாளர், வீட்டில் தைக்கும் பெண், பள்ளி செல்லும் சிறுவன் ஆகிய நால்வர் நிலையில் நின்று விவாதித்தல். முதற்படி உற்றுநோக்கலையும், இரண்டாம் படி காலத்தோடு இணைந்த இடவுணர்வையும், மூன்றாம் படி அறநோக்கையும் வளர்க்கும்.

முடிவுரை

சியால்கோட் வரலாற்றிலிருந்து, தொழிலின் அமைவிடம் இயற்கை வழங்கியதன்று, ஆட்சியும் இடப்பெயர்வும் உழைப்பும் சேர்ந்து உருவாக்கியது என்பது புலனாகிறது. வீரரின் பெயர் உலகறியும். தைத்தவரின் பெயரைப் பந்து சுமப்பதில்லை. அப்பெயரின்மை எவ்வாறு உண்டாயிற்று என்று மாணவரைக் கேட்கச் செய்வதே கால்பந்தின் வழிப் புவியியல் கற்பித்தலின் முதன்மைப் பயன் எனலாம்.