பள்ளிக்கூடத்தில் கிராமம் படித்த கதை

மரம், தண்ணி, குப்பை என்று இப்போ நம்ம பிள்ளைக பள்ளிக்கூடத்தில் படிச்சுட்டு வந்து நமக்கே சொல்லித் தர்றாங்க. இந்தப் படிப்பு நேற்று வந்தது இல்லை. இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கு. பத்தாவது வரை படித்த நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்திஜி ஒரு புதுப் படிப்பைச் சொன்னார். ஆதாரக் கல்வி என்று அதற்குப் பெயர். நூற்பது, தோட்ட வேலை, துப்புரவு எல்லாம் பாடத்தோடு சேர்ந்தது. பாத்தி கட்டும்போதே கணக்கும் படிக்கலாம், மண்ணைப் பற்றியும் படிக்கலாம். முக்கியமாக, கக்கூஸ் சுத்தம் செய்வது ஒரு சாதியின் வேலை இல்லை, எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்யணும் என்றார்கள்.

இந்த வழியில் நம்ம மதுரைச் சீமையில் இரண்டு இடங்கள் வந்தன. 1940-ல் தே.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம். 1947-ல் சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம். காந்திகிராமத்தை டாக்டர் சௌந்திரம் அம்மாவும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கினார்கள். சௌந்திரம் அம்மா சின்ன வயசிலேயே முதல் கணவரை இழந்தவர். அதோடு முடங்கிப் போகாமல் மருத்துவம் படித்தார். இன்றைக்கு காந்திகிராமம் பல்கலைக்கழகமாக இருக்கு.

கல்லுப்பட்டியில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, வெளிநாட்டில் கணக்கும் பொருளாதாரமும் படித்துவிட்டு, காந்திஜியோடு சேர்ந்தவர். 1960-ல் காலமானார். அவர் சொன்ன கருத்தை நம்ம குழுக் கணக்கில் சொன்னால் சட்டுன்னு புரியும். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி பூமிக்குள் இருப்பது எடுக்க எடுக்கத் தீர்ந்து போகும். அது முதலைச் செலவழிப்பது. மழை, ஆறு, மரம் இதெல்லாம் திரும்பத் திரும்ப வரும். அது வட்டி மாதிரி. வட்டியில் குடும்பம் நடத்தலாம், முதலைத் தொட்டால் பேரப்பிள்ளைக்கு மிஞ்சாது.

இவ்வளவு நல்ல படிப்பு ஏன் ஊரெல்லாம் நிலைக்கவில்லை? அதில் ஒரு கசப்பான பாடமும் இருக்கு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. ஆதாரக் கல்வியும் இதுவும் ஒன்றல்ல. ஆனா கூலிக்காரர் பிள்ளை கூலிக்காரராகவே இருக்கணுமா என்று ஜனங்க கொதிச்சுப் போனாங்க. குலக்கல்வி என்று அதை எதிர்த்தாங்க. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அது சரிதான். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேணும், இங்கிலீஷும் வேணும். ஆனா அதோட போக்கில் மண்வேலை என்றாலே கேவலம் என்கிற எண்ணமும் பிள்ளைக மனசில் வந்துவிட்டது.

பிறகு சுற்றுச்சூழல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. 1991-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் அதைப் பாடமாக வைக்கச் சொன்னது. 2001-02 வாக்கில் தேசிய பசுமைப் படை பள்ளிகளுக்கு வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை.

நம்ம கூடலூருக்கு இது ரொம்பப் பொருந்தும். 1895-ல் பென்னி குவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் இருந்து, மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணி லோயர் கேம்ப்பில் இறங்குது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கு. அந்தத் தண்ணியை முதலில் பார்க்கிறவங்க நாம. நாம வாய்க்காலில் போடுகிற பாலித்தீன் பை கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கீழே இருக்கிறவங்க வயலுக்குத்தான் போகும்.

என் மகள் பள்ளியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கப் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் அந்தப் படிப்பு மார்க்குக்குத்தான் ஆகும். அதனால நம்ம குழுக்கள் மூன்று காரியம் செய்யலாம். வீட்டில் இரண்டு வாளி வைக்கணும். பழைய சேலையில் பை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கலாம், அதில் வருமானமும் உண்டு. மூன்றாவது, வீட்டில் கூட்டுகிற, கழுவுகிற வேலையைப் பொம்பளப் பிள்ளை தலையில் மட்டும் கட்டாமல் ஆம்பளப் பிள்ளைக்கும் முறை வைக்கணும். ஆதாரக் கல்வியில் எல்லோருக்கும் முறை என்று வைத்தது இதற்காகத்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.