போட் மெயில் போன வழியில் ஒரு பஸ்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, வானூர் பக்கத்துக் கடலோரமாக பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் சீட்டு மட்டும் கிடைத்துவிட்டால், அன்றைக்கு நீங்கள்தான் ராஜா!

அந்த வானூர்க்காரர் ஒருவர் 1914-க்குப் பிறகு கொழும்பு போக நினைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப சுலபம். விழுப்புரம் ஜங்ஷனில் 'போட் மெயில்' ஏற வேண்டியது. பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கினால், கரையிலேயே கப்பல் காத்திருக்கும். அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில். எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட்!

அப்படிப்பட்ட தனுஷ்கோடிக்கு இன்று பஸ்ஸில்தான் போக வேண்டும். தண்டவாளம் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

1964, டிசம்பர் 22. இரவு 11.55 மணிக்கு பாம்பனிலிருந்து 653-ம் எண் பாசஞ்சர் ரயில் கிளம்பியது. வெளியே பேய்மழை, புயல்காற்று. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. சற்று நேரம் காத்திருந்த டிரைவர், நீளமாக விசிலை ஊதிவிட்டு, இருட்டுக்குள் வண்டியை நகர்த்தினார். சுமார் 7 மீட்டர் உயரத்துக்கு எழும்பி வந்த அலை, மொத்த ரயிலையும் வாரிச் சுருட்டிக்கொண்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

செத்தவர்கள் எத்தனை பேர்? பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்பார்கள். ஆனால், அது டிக்கெட் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200-ஐத் தொடும் என்று சொல்பவர்களும் உண்டு. பேரேட்டில் ஏறாத உயிருக்கு யார் வரவு வைப்பது, சொல்லுங்கள்!

ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச், வீடுகள் எல்லாம் போயின. மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசாங்கம் அறிவித்தது. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்து காட்டினார் ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் (பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான்). பாலம் பிழைத்தது. தனுஷ்கோடி பிழைக்கவில்லை.

அப்புறம் அரை நூற்றாண்டு காலம், மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போன வேன்கள்தான் கதி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்டது. இப்போது ராமேஸ்வரத்தில் பஸ் ஏறினால், தீவின் நுனியிலேயே இறக்கிவிடுகிறார்கள். போகும்போது இடது பக்கம் அமைதியான கடல்; 'பெண் கடல்' என்கிறார்கள். வலது பக்கம் மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. நடுவே கயிறு மாதிரி சாலை. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று. வழியில் கூரையில்லாத சர்ச் சுவர் தெரியும். ரயில்வே கட்டடத்தின் மிச்சம் தெரியும். பக்கத்திலேயே ஓலைக் குடிசைகளும் சங்கு, பாசி விற்கும் கடைகளும். அரசாங்கம் கைவிட்ட ஊரைக் கைவிட மனசில்லாத மீனவர்கள் அவர்கள். சுவரில் சாய்ந்து போட்டோ எடுப்பதற்கு முன்னால், அவர்களில் வயசான யாரையாவது பார்த்தால் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பேச்சுக்கொடுங்கள். அந்த ராத்திரியின் கணக்கு எந்த நோட்டிலும் முழுசாக இல்லை. கொஞ்சம் அவர்களிடம் இருக்கிறது.