வீரபாண்டி எஸ். ஆறுமுகம்

வீரபாண்டி எஸ். ஆறுமுகம் (1937–2012) 1996–2001, 2006–2011 ஆகிய இரு தி.மு.க. ஆட்சிகளிலும் தமிழ்நாட்டின் வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர். சேலத்தை அடுத்த பூலாவரிக்காரர். 1962, 1967, 1971 தேர்தல்களில் வீரபாண்டித் தொகுதியில் தொடர்ந்து வென்றதால் ஊர்ப்பெயரே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. 1977இல் அ.தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபின் சேலம் வட்டாரம் கைநழுவியது; ஆனாலும் அவர் கட்சி மாறவில்லை. அந்த விடாப்பிடிதான் அவரைச் சேலத்து தி.மு.க.வின் முகமாக்கியது.

அவரது அமைச்சர் காலத்தில் காலூன்றிய திட்டங்களில் முதலில் சொல்ல வேண்டியது உழவர் சந்தை. ஆந்திரத்தின் ரைத்து பஜாரை முன்மாதிரியாகக் கொண்டு, 14 நவம்பர் 1999 அன்று மதுரை அண்ணா நகரில் முதல்வர் மு. கருணாநிதி முதல் சந்தையைத் தொடங்கிவைத்தார். விளைவிப்பவர் என்று உறுதிசெய்யப்பட்டவருக்கே புகைப்பட அட்டை. அட்டை உள்ளவருக்கே கடை. கடை வாடகையும் தரகும் கிடையாது, தராசும் இலவசம். மொத்த விலைக்குச் சற்று மேலே, சில்லறை விலைக்குக் கீழே அன்றன்று விலை வைத்து, வாசலில் பலகையில் எழுதிப்போடுவார்கள்.

இதன் பலனைப் பார்க்க ஓசூருக்குப் போக வேண்டும். 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் சேலம் மாவட்டம்தான். பாகலூர், பேரிகை, சூளகிரி, தளி பக்கத்துத் தக்காளி, கோஸ், பீன்ஸ், கொத்தமல்லி எல்லாம் விடியுமுன் ஓசூர் உழவர் சந்தையில் இறங்குகின்றன. பெங்களூருச் சந்தையின் விலைக்கு மட்டுமே காத்திருந்த எல்லையோர விவசாயிக்கு இது இன்னொரு வழி. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூர்த் தொகுதியில் 1977 முதல் 2011 வரை காங்கிரசோ ஜனதா தளமோதான் வென்றன, 2016இல் அ.தி.மு.க.வும் 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வும் வென்றன. தன் கட்சிக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லாத ஊரிலும் துறையின் வேலை நிலைத்தது ஆறுமுகத்தின் காலத்துக்குப் பெருமை.

2001 ஆட்சி மாற்றத்துக்குப்பின் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006இல் சேலம்-2 தொகுதியில் வென்று அவர் மீண்டும் அதே துறைக்கு வந்தபோது அவற்றுக்கு உயிர் வந்தது. சுமார் 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் அந்த ஆட்சியில்தான். 2011இல் சங்ககிரியில் தோற்ற ஆறுமுகம், 23 நவம்பர் 2012 அன்று சென்னையில் காலமானார்.