காஞ்சிபுரம்: கட்டடங்களும் ஊர் உணர்வும்

பல்லவ மன்னர்களின் இராஜதானியாக விளங்கி, இன்று கோயிலாலும் பட்டாலும் பெயர் பெற்றிருக்கும் காஞ்சிபுரத்தில், மக்கள் தம்மை இன்ன பகுதியார் என்று சொல்லிக்கொள்வதற்குக் கட்டடங்களே நெடுங்காலமாக ஆதாரமாக இருந்து வருகின்றன. ஊரின் இரு பெரும் பகுதிகளுக்குச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்னும் பெயர்கள் வழங்குவதும் கோயில்களை ஒட்டியே.

8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் மணற்கல்லால் எழுப்பிய கைலாசநாதர் கோயில் இவற்றுள் பழமையும் அழகும் மிக்கது. அதே நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுண்டப் பெருமாள் கோயிலின் பிராகாரச் சுவர்களில், அவன் அரசுரிமை பெற்ற விவரம் உட்பட, பல்லவ வம்சத்தின் சரித்திரம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் இராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயரால் எழுப்பப்பட்டது. வைகாசி உற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருடவாகனத்தில் சின்னக் காஞ்சி எனப்படும் விஷ்ணுகாஞ்சியிலிருந்து பெரிய காஞ்சி எனப்படும் சிவகாஞ்சி வரை எழுந்தருளும்போது, இரு பகுதிகளும் ஒரே ஊர் என்பது வீதியிலேயே பிரத்தியட்சமாகிறது.

ஆயினும் கோயில்களை மட்டும் கண்டு இந்நகரை அறிந்துவிட்டதாகக் கருதுவது பொருந்தாது. பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் பகுதிகளில் வீடே தொழிற்கூடம். தெருவை நோக்கிய திண்ணை, அதனைக் கடந்தால் நீண்ட கூடம், கூடத்தின் தரையில் தோண்டிய தறிக்குழி. அக்குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெசவாளர் மிதிகட்டையை மிதிக்க, உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக ஓடிக் கோர்வைச் சேலை உருவாகிறது. வீட்டுக்குள் அடங்காத வேலைக்குத் தெருவே களம்: விடியற்காலையில் பாவு எனப்படும் நீளவாட்டுப் பட்டு இழைகளை வீதியில் நீளக் கட்டி, கஞ்சி தடவி, இழை அறுந்த இடத்தைப் புணைத்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். தெரு நேராகவும் நீண்டும் இருப்பது அங்கே அழகுக்காக அன்று, பிழைப்புக்காக. அண்டை வீட்டார் கை கொடாமல் பாவு கட்ட இயலாது என்பதால், அத்தெருவின் அமைப்பே உறவையும் வளர்த்தது என்று துணிந்து கூறலாம். கோபுர முனைகளைப் போலக் கூம்பும் கரைகளும், யாளியும் அன்னமும், கல்லில் கண்டவை பட்டில் ஏறியதற்குச் சான்றுகள்.

அண்மைக்காலத்தில் ஓட்டு வீடுகள் பலவற்றின் ஸ்தானத்தில் காங்கிரீட் மாடிகள் எழுகின்றன, திண்ணை மறைகிறது, பாவு கட்டிய தெருவில் வாகனங்கள் நிற்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கைலாசநாதர் கோயிலைச் சுற்றிக் கட்டட வரம்புகள் உண்டு. நெசவாளர் தெருக்களில் வீடு கட்ட அனுமதி வழங்குவோரும் தறிக்குழிக்கு இடம் உண்டா, பாவு நீட்டத் தெரு உண்டா என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.